சம்பந்தி வீட்டு முன்கதவு

பம்பாயில் விமானம் கிளம்பி ஐந்து மணி நேரமாகியும் லூர்துராஜ் சாய்ந்து உட்காரவில்லை. பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் மரியாதைக்கு எழப் பார்ப்பார், பெல்ட் பிடித்து இழுக்கும், மறுபடி உட்காருவார். மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். முதலாளி முன்னால் உட்கார்ந்தே பழகாத உடம்பு விமானம் ஏறினால் மட்டும் மாறிவிடுமா?

"உக்காருங்க. அந்தப் புள்ளைக்குத்தான் சங்கடமா இருக்குது" என்றாள் அவர் மனைவி தேவகுமாரி.

"பழக்கம் போவுதா, குமாரி."

அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். முதலாளியின் பங்களாவுக்கு எதற்குப் போனாலும் ரைட்டர் பின்பக்கமாகச் சுற்றிப் போய், சமையலறைக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். ஒரு கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் கேக்கும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். நல்ல மழை. உள்ளே விருந்து நடந்துகொண்டிருந்தது, கூப்பிட ஆளில்லை. நாய்க்குச் சோறு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றார் மனுஷன். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அவளுக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

ஹாலந்தில் வேலை பார்க்கும் மகன் கிறிஸ்துதாஸ் இப்போது ஆன்னி என்று அந்த ஊர்ப் பெண்ணையே கட்டப்போகிறான். டிக்கெட்டும் அவன்தான் அனுப்பினான். வெள்ளைக்காரச் சம்பந்தி, தெரியாத சாப்பாடு, குளிர் என்று எதைப் பற்றியும் தேவகுமாரி கவலைப்படவில்லை. சம்பந்தி வீட்டு முன்வாசலில் மாப்பிள்ளையின் அப்பாவாக அவர் நடந்து போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஏற்காட்டில் பஸ் ஏறும்போதே மாதாவிடம் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆம்ஸ்டர்டாமில் மகன் காரோடு காத்திருந்தான். பிரேடா ஊருக்கு ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் தரை சப்பையாகக் கிடந்தது.

"ஏங்கண்ணு, ஒரு மேடுகூட இல்லையே, மழைத்தண்ணி எப்படி வடியும்?" என்று கவலைப்பட்டார் லூர்துராஜ்.

செங்கல் வீடுகள் நெருக்கமாக நின்ற ஒரு தெருவில் கார் நின்றது. பச்சை அடித்த கதவு; பித்தளைக் கைப்பிடி பளபளவென்றிருந்தது. தேவகுமாரி புடவையை நீவிவிட்டுக்கொண்டு, அவருடைய கோட்டுக் காலரையும் சரிசெய்தாள். கிறிஸ்துதாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டிப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தான்.

"இப்படி வாங்க, பின்னால போயிறலாம்."

லூர்துராஜ் உடனே திரும்பினார். அவர் கால்களுக்கு அந்த வழி தெரிந்திருந்தது.

தேவகுமாரி அசையவில்லை. இத்தனை தூரம் பறந்து வந்தும் அதே சமையலறை வாசல்தானா? கண்ணில் நீர் முட்டியது.

"நான் வரல கண்ணு."

"என்னம்மா ஆச்சு?"

"உங்கப்பாரு நின்ன பின்வாசலெல்லாம் போதும். இங்கயும் நீ அதுலதான் போயி வர்றியா, சாமி?"

மகனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெட்டியைக் கீழே வைத்தான்.

"அப்படி இல்லீங்கம்மா. இந்த ஊர்ல சொந்தக்காரங்கதான் பின்கதவுல வருவாங்க. அதைப் பகல்ல பூட்டறதே இல்ல. முன்கதவு தெரியாதவங்களுக்கு. எனக்கே ஆறு மாசம் முன்கதவுதான். அப்புறம் ஒரு நாளு ஆன்னியோட அம்மா, இனிமே பின்னால வான்னு சொன்னாங்க. பொண்ணைக் குடுத்துருவாங்கன்னு அன்னிக்குத்தான் நம்புனேன்."

சந்துக்குள்ளிருந்து அந்த அம்மாளே ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தார். அடுப்புச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. தேவகுமாரிக்குக் கோபம் போய் வெட்கம் வந்தது. ஆனாலும் மனசு அடம் பிடித்தது.

"அவங்ககிட்டச் சொல்லு கண்ணு. நாங்களும் பின்னாலயே வர்றோம், நொம்ப சந்தோசம். இப்ப ஒருக்கா மட்டும் இந்தக் கதவைத் தெறக்கச் சொல்லு. எதுக்குன்னும் சொல்லிப்போடு."

கிறிஸ்துதாஸ் அவர்கள் பாஷையில் வெகுநேரம் பேசினான். அந்த மழையையும் நாய்த்தட்டையும்கூடச் சொல்லியிருப்பான். அந்த அம்மாள் லூர்துராஜை ஒரு முறை பார்த்தார். விறுவிறுவென்று சந்து வழியாகவே உள்ளே போனார். முன்கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு சைக்கிள் நகரும் சத்தம். தாழ்ப்பாள் முரண்டு பிடித்தது. கடைசியில் கதவு திறந்தது.

லூர்துராஜ் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படியில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறார் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? தேவகுமாரி அவரைத் தாண்டி உள்ளே போய், திரும்பி நின்றாள்.

"வாங்க. உள்ள வாங்க."

அவர் வந்தார்.

சாயங்காலம் மாதா கோயிலையும் கால்வாயையும் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். சந்தில் லூர்துராஜ்தான் முன்னால் நடந்தார். பின்கதவுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் தயங்கினார். பிறகு, யாரும் கூப்பிடாமலே, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.