காலிக் குழாயிலும் இருந்த கோடு

1

இந்தக் கதையை என் மருமகளிடமிருந்து திருடினேன். அவள் ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தைப் பிரித்துப் பார்ப்பவள். ஒரு சொட்டில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்குமாம். இயந்திரம் ஒவ்வொன்றையும் ஒரு கோடாக வரையும். எந்தக் கோடு எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பாடு.

நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘இரத்தம் பேசியது; அதைக் கேட்ட சுவர்கள்…’

“மாமா, இரத்தம் பேசாது. சுவரும் கேக்காது. அடிச்சிடுங்க.”

அடித்துவிட்டேன்.

2

ஆறு வயதுப் பெண் குழந்தை. கால்கள் துவண்டு மூன்று வாரமாக மருத்துவமனையில். டாக்டருக்கு நோய் பிடிபடவில்லை. இன்னும் தாமதித்தால் கால்கள் மீளாது. மருமகளிடம் வந்த அவள் இரத்தத்தில் ஒரு கோடு மட்டும் மற்றவற்றுக்கு மேலே ஒட்டகச்சிவிங்கி போல நின்றது. மருமகள் பத்து நாள் அதையே துரத்தினாள்.

(பத்து நாளும் அவள் கண்ணே இமைக்கவில்லை என்று எழுதியிருந்தேன். நான்கு முறை இமைத்ததாகத் திருத்தச் சொன்னாள்.)

3

கடைசியில், குழந்தையின் அடையாளத்தை நீக்கிவிட்டு அந்தக் கோட்டை இணையத்தில் ஒரு பொதுத்தளத்தில் போட்டாள். பல நாட்டு ஆய்வுக்காரர்கள் கூடி எழுதிய மென்பொருளில் ஓடும் தளம் அது. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். ஒரே விதி: வாய் திறப்பவர் தன் தரவையும் போடவேண்டும்.

அரை மணியில் பதில் போட்டவர் கடற்பாசி ஆராய்பவர். (இப்படி ஒரு பாத்திரத்தை நானே நம்பமாட்டேன். ஆனால் இருக்கிறாரே, என்ன செய்ய?)

“மேடம், இதே கோடு என் பாசியிலயும் இருக்கு. பாசிக்குக் காலே கிடையாது! இரத்தம் இல்லாம காலிக் குழாய மெஷின்ல ஓட்டிப் பாத்தீங்களா?”

பார்த்திருந்தாள், பழைய பெட்டியிலிருந்த குழாயில். இரத்தம் வந்ததோ புதுப் பெட்டியிலிருந்த குழாயில். புதுசில் ஒன்றைக் காலியாக ஓட்டினாள். ஒட்டகச்சிவிங்கி நின்றது. குழாய் மூடியின் பிளாஸ்டிக்! பாசிக்காரரிடமும் அதே மூடிதான்.

“பத்து நாளா ஒரு மூடியத் துரத்தியிருக்கேன் மாமா!”

“பிடிச்சிட்டியே, அதச் சொல்லு.”

முறைத்தாள்.

4

மென்பொருளை எழுதியவர்களில் ஒருத்தி, முகம்கூடப் பார்க்காதவள், மதியத்துக்குள் மூடிக்கோட்டைக் கழிக்க வழி செய்துகொடுத்தாள். பெரியது விலகியதும் அதன் மறைவில் ஒரு குட்டிக் கோடு. யாரோ எப்போதோ தளத்தில் போட்டுவைத்த கோட்டோடு அச்சாகப் பொருந்தியது. ஒரு வைட்டமினை உடல் பயன்படுத்த முடியாதபோது சேரும் பொருள். டாக்டர் மறுபரிசோதனையில் உறுதிசெய்தார். மருந்தும் அந்த வைட்டமின்தான், கூடுதல் அளவில்.

5

முடிவு அ: குழந்தை பறந்தது. (மருமகள் கிழித்துவிட்டாள்.)

முடிவு ஆ: குழந்தை ஓட, பின்னாலேயே டாக்டர் மூச்சிரைக்க…

“நடந்தா மாமா. நடந்தது பத்தலையா உங்களுக்கு?”

நடந்தாள். கட்டிலிலிருந்து கதவு வரை பதினோரு அடி, தானாகவே. அதுவரைக்கும் என்னிடம் சாட்சி இருக்கிறது. கதவுக்கு அப்பால் நீளமான தாழ்வாரம். அதை உங்களிடம் விடுகிறேன். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளை யாரும் தூக்கிவிடாதீர்கள்.