பதினோரு விநாடி ஜெபம்

சாப்பாட்டுக்கு முன் ஒரு மனிதன் கடவுளிடம் சொல்லவேண்டிய அத்தனையையும் பதினோரு விநாடிக்குள் சொல்லி முடித்துவிடலாம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு விநாடியும் கடவுளின் ஞாபகசக்தியைச் சந்தேகிப்பதாகும். இதைக் கண்டுபிடித்தவர் கணக்கு வாத்தியார் ஜான்ரோஸ். கண்டுபிடித்த இடம், லுத்தரன் உயர்நிலைப்பள்ளியின் ஆசிரியர் அறை. வருஷம் 1952. ஜெர்மனியில் கோயில் கதவில் கண்டன அறிக்கையை ஆணி அடித்து மாட்டியதற்குப் பிறகு சபையில் நடக்கப்போகும் அடுத்த சீர்திருத்தம் இதுதான் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை.

"கடிகாரம் வச்சுப் பாத்தாச்சு. ஸ்தோத்திரம், ஆகாரம், ஆசீர்வாதம், ஆமென். பதினொண்ணு. தும்மல் வந்தா பன்னெண்டு" என்றார்.

சீர்திருத்தம் தேவைப்பட்டது போர்டிங்கில். பள்ளிக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம், முப்பத்திரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு வார்டன் ராஜமணி உபதேசியார். சாப்பாட்டு அறையின் வாசலில் அவர் ஒரு பெரிய சிலேட்டைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாக்குக்கட்டி வைத்திருந்தார். யாருக்கு என்ன குறையோ அதை அதில் எழுதலாம். மாலைக் கஞ்சிக்கு முன் உபதேசியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சிலேட்டை மேலிருந்து கீழே வாசிப்பார். பிறகு கண்ணை மூடி, ஒன்று விடாமல் ஜெபிப்பார். செல்வனுடைய அப்பாவின் முதுகுவலி. ஒருத்தனுக்குப் பூகோளம். வைகுண்டராஜன் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பிள்ளை, அய்யாவழிக் குடும்பம், கோயில் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அவன் வீட்டு எருமை மூன்று மாதமாகச் சிலேட்டில் இருந்தது. எருமை தேறியதும் அதற்காக ஸ்தோத்திரமும் ஏறெடுக்கப்பட்டது. மொத்தம் பதினேழு நிமிஷம். அதற்குள் கஞ்சியில் ஆடை படிந்துவிடும்.

ஜான்ரோஸுக்கு மிகவும் பிடித்தது சிலேட்டின் அடியில் யாரோ பெயரில்லாமல் எழுதியிருந்த 'ஒரு காரியம்' என்ற வரிதான். "கடவுளுக்கே மொட்டைக் கடிதாசி போடுத ஊரு உலகத்துல வேற எங்கயாவது உண்டுமா?" என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. சமையல்காரி தேவகனி.

"உபதேசியாரு ஆமென் சொல்லதுக்குள்ள அடுப்புல போட்ட வெறகே கரியாயிருது சாரே" என்று தினமும் அங்கலாய்ப்பாள். "ஆறுன கஞ்சியக் குடுத்தா பழி ஆருக்கு? எனக்கு!"

சீர்திருத்தவாதிகளுக்குச் சொந்தக் காரியமும் இருக்கும் அல்லவா? ஜான்ரோஸுக்கு இருந்த காரியத்தின் பெயர் லீலாபாய். மயிலாடிப் பெண். அவளுடைய அப்பா, பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வகுப்பறையில் படுத்துறங்கும் வாத்தியாருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். வார்டன் வேலையோடு இரண்டு அறை உள்ள ஒரு வீடும் சேர்ந்து வரும். ராஜமணி உபதேசியார் கண்புரை அறுவைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தாலும் வேலையிலிருந்து இளைப்பாறப் போகிறார். அந்த இடத்துக்கு யார் என்பதைப் பள்ளி மானேஜர் துரை வெள்ளிக்கிழமை மாலை போர்டிங்கில் கஞ்சி குடித்துவிட்டு முடிவு செய்வார். துரை அமெரிக்க மிஷனரி, ஆறரை என்றால் ஆறரை. அதுவரை ஒரு வாரத்துக்கு ஜான்ரோஸ் தற்காலிக வார்டன்.

திங்கட்கிழமை அவர் செய்த முதல் காரியம் சிலேட்டை ஈரத் துணியால் துடைத்ததுதான். முதுகுவலி, பூகோளம், மொட்டைக் கடிதாசி எல்லாம் ஒரே இழுப்பில் போயின. அந்த இடத்தில் முத்து முத்தான எழுத்தில் எழுதினார்: 'மணி 6.30. ஜெபம் 6.31. கஞ்சி 6.31¼.' அந்தக் கால் நிமிஷத்தில் நான்கு விநாடி உபரி. அதைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்தார்.

அன்று கஞ்சியில் ஆவி பறந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு நாக்குச் சுட்டது. அதை அவர் வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு மணி அடித்தது. ஒருவரும் வரவில்லை. தட்டுகள் மட்டும் வரிசையாக இருந்தன. ஆறு ஐம்பதுக்கு முப்பத்திரண்டு பேரும் மொத்தமாக வந்து உட்கார்ந்தார்கள். கஞ்சி அடிபிடித்து நாறியது, பயற்றில் உப்பில்லை.

"ஏலே செல்வா, எங்கலே போயிருந்திய?"

ஆறாம் பாரம் படிக்கும் செல்வன் எழுந்து நின்றான். "கை கழுவப் போனோம் சார்."

"முப்பத்திரண்டு பேரு கை கழுவ இருவது நிமிஷமா?"

"நல்லாக் கழுவுனோம் சார்."

ஜான்ரோஸ் சமையலறைப் பக்கம் திரும்பினார். "கஞ்சிக்கு என்ன வந்துது?"

"சூடாட்டு வேணும்னு கேட்டிய, சூடாட்டு இருக்கு" என்றாள் தேவகனி. மூன்று வருஷத்தில் முதல்முறையாக 'சாரே' இல்லாமல் பேசினாள்.

புதன்கிழமையும் அதே கதை. பதினோரு விநாடியில் முடிகிற ஜெபம் இருபது நிமிஷத்தைத் தின்றுகொண்டிருந்தது. இந்தக் கணக்கு எந்தச் சூத்திரத்துக்கும் பிடிபடவில்லை. இப்படியே போனால் வெள்ளிக்கிழமை மானேஜர் துரை காலித் தட்டுகளோடுதான் பந்தியில் உட்காரவேண்டும். வீடு போகும். வீட்டோடு மயிலாடியும் போகும்.

வியாழக்கிழமை மணி அடித்துவிட்டு, பிள்ளைகளைத் தேடிக் கிளம்பினார். கிணற்றுக்கு அந்தப் பக்கம், பலாமரத்தடியில் கூட்டம். எல்லோருக்கும் கண் மூடியிருந்தது. அவர் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. நடுவில், கையில் அகப்பையோடு தேவகனியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அடுப்பில் கஞ்சி அடிபிடிக்கிற வாடை அங்கே வரைக்கும் வந்தது.

சிலேட்டைத் துடைத்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் அவர்கள் ஞானோபதேசத்தைக் கேள்வியும் பதிலுமாக மனப்பாடம் செய்த பிள்ளைகள். எந்தக் கட்டளைக்கு எது அர்த்தம் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். சிலேட்டில் இருந்ததும் அதே வரிசையில், அதே ராகத்தில் அவர்கள் தலைக்குள் ஏறியிருந்தது.

"நாலாம் காரியம் எது?" என்றான் செல்வன்.

"தேவகனி அக்காளுக்க மவ எஸ்தர்" என்றது கூட்டம்.

"இதற்கு அர்த்தம் என்ன?"

"அருமனையில இருக்கா. முந்தி ரெண்டும் தங்கல. இது மூணாவது. எட்டு மாசம்."

எல்லோரும் தலையைக் குனிந்து எஸ்தருக்காக ஜெபித்தார்கள். தேவகனியின் அகப்பையிலிருந்து கஞ்சித் தண்ணீர் சொட்டியது. ஜான்ரோஸ் கடிகாரத்தைப் பார்க்கலாம் என்று கையைத் தூக்கி, பார்க்காமலே இறக்கினார். தினமும் கஞ்சி ஆறுகிறது என்று கத்தியவள், அது ஆறுவதற்காகவே தினமும் காத்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. நாலாம் காரியத்தைத் துடைத்த ஈரத் துணி நினைவுக்கு வந்தது.

"பதினொண்ணாம் காரியம் எது?"

"கணக்கு சாருக்க காரியம்."

ஜான்ரோஸ் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டார். சிலேட்டில் இருந்தது பத்துதானே?

"இதற்கு அர்த்தம் என்ன?"

"மயிலாடியில பொண்ணு கேட்டிருக்காரு. வீடு இல்லேன்னா குடுக்கமாட்டாவ. வீடு கெடைக்கணும்."

"மக்கா, கூட ஒண்ணு சேருங்கலே" என்றாள் தேவகனி, கண்ணைத் திறக்காமலே. "மயிலாடிக்குப் போடுத கடுதாசியப் போஸ்டாபீசுல குடுக்க முந்தி மூணு மட்டம் வாசிச்சுப் பாக்குதாரு, பாவம். பதிலும் வரணும்."

ஜான்ரோஸ் காலடிச் சத்தம் கேட்காமல் திரும்பி நடந்தார். சமையலறைக்குள் போய்க் கஞ்சிப் பானையை இறக்கி வைத்தார். விரல் சுட்டது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு 6.31¼ சிலேட்டிலிருந்து மறைந்தது. பத்துக் காரியங்களும் பழைய வரிசையில் திரும்பி வந்தன. பெயரில்லாத 'ஒரு காரியம்' உட்பட. பதினொன்றாவதை மட்டும் அவர் எழுதவில்லை. கை வரவில்லை.

ஆறரைக்கு மணி அடித்தது. ஆறரைக்கே முப்பத்திரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மானேஜர் துரை சம்மணமிட முடியாமல் காலை ஒரு பக்கமாக மடக்கி உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஜான்ரோஸ் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு விநாடி வாய் நுனியில் தயாராக நின்றது. வாசலில் தேவகனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கண்ணை மூடிக்கொண்டார். முதுகுவலியில் தொடங்கினார். பூகோளத்தில் கொஞ்சம் தடுமாறினார். அருமனை எஸ்தரிடம் வந்தபோது, உபதேசியார் சொல்லாத ஒன்றிரண்டு வார்த்தையும் தானாக வந்தது. எல்லாம் முடித்து அவர் ஆமென் சொன்னபோது கஞ்சியில் ஆடை படிந்து, அந்த ஆடையும் சுருங்கத் தொடங்கியிருந்தது.

"கஞ்சி பச்சத்தண்ணியாட்டு ஆச்சு சாரே!" என்றாள் தேவகனி. குரல் கொண்டாட்டமாக இருந்தது.

துரை ஆறின கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். புறப்படும்போது ஜான்ரோஸைத் தனியே அழைத்தார். வேதாகமத்தைப் பார்த்துத் தமிழ் படித்தவர் அவர். பேச்சும் அப்படியே இருக்கும்.

"உபதேசியார் பதினேழு நிமிஷம் ஜெபிப்பார். நீர் பதினாறே நிமிஷத்தில் முடித்தீர். வேகம் நல்லதல்ல. ஆனாலும் நீர் வாலிபர், பழகிக்கொள்வீர்" என்று சொல்லி, வார்டன் வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்தார்.

பிள்ளைகள் தட்டுக் கழுவப் போனார்கள். தேவகனி பானையைச் சுரண்டும் சத்தம் உள்ளே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மயிலாடிக்குப் பஸ் ஏறி லீலாபாயின் அப்பாவிடம் நேரில் பேசிவிடுவது என்று ஜான்ரோஸ் முடிவு செய்திருந்தார்.

வாசலுக்கு வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். சிரட்டையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, சிலேட்டின் அடியில் கடைசி வரிக்கும் கீழே, தன் கையெழுத்து தெரியாதபடி சற்றுச் சாய்த்து எழுதினார்:

'இன்னும் ஒரு காரியம்.'

பெயர் போடவில்லை.