பெரியத்தா வீட்டு டாங்கி கேம்

வெளிநாடு போன மகன் விட்டுச்சென்ற கேம் பெட்டியில் முகமது யூசுப் விளையாடுவது சொந்தத்தில் எவருக்கும் தெரியாது. இந்த வயதில் அது தெரிந்தால் குடும்ப மரியாதை என்னாவது? ஞாயிறு மதியம் கடையை அடைத்ததும், கோயம்புத்தூர் கேம் குழுவில் ‘புலி’ என்ற பெயரில் நுழைந்து, மைக்கை அணைத்துவிட்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார். அவர் வீட்டில் மனிதக் குரல் கேட்பது அப்போதுதான்.

அன்று ஜெரோம் என்பவன் புது கார் ரேஸைத் திட்டிக்கொண்டிருந்தான். “மழையெல்லாம் தத்ரூபமா பேயுதுங்க. ஆனா வண்டிய ஓட்ட உடாம, கதை சொல்லியே கொல்றானுங்க.”

“அதுக்குப் பழைய கேசட் டாங்கி கேமே தேவலைங்க,” என்றது புதிதாகச் சேர்ந்த பெண்குரல். “எங்க அத்தாவோட அண்ணன், பெரியத்தா ஊட்டுல ஆடுவேன். ‘கோட்டைய உட்டுறாத அம்மணி’ன்னு பக்கத்துல உக்காந்து கத்துவாரு.”

யூசுப் நிமிர்ந்தார். தம்பி மகள் இல்மா!

“இப்பவும் கூப்புட்டு ஆடுங்களேன்,” என்றான் ஜெரோம்.

“எங்க! என் கல்யாணப் பத்திரிகைய நேர்ல வெக்காம வாட்ஸப்புல அனுப்பிப்போட்டோம்னு வருசக்கணக்கா பேசறதில்லைங்க.”

“அட, இதுக்குப் போயா? வெட்டி வீறாப்பு!”

“அவரைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க. தப்பு எங்க மேலதான்.”

யூசுப்பின் விரல் மைக் பொத்தானுக்குப் போனது. மூத்தவன் இறங்கிவந்து பேசினால் நாளை தம்பி வீட்டில் என்ன நினைப்பார்கள்? விரல் அங்கேயே நின்றது.

“ஏனுங்க புலி அண்ணா, நீங்க வாயே தொறக்க மாட்டீங்களா?” என்றாள் இல்மா.

‘மைக் ரிப்பேருங்க’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பிறகு, ‘அந்த டாங்கி கேம் நானும் ஆடியிருக்கேன். நல்லா இருக்கும்.’

“அப்படிங்களா!” என்றாள். அதற்குள் ஜெரோம் அடுத்த கேமைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.