காலியாகக் கிடந்த 'முன்' கட்டம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அட்டவணையில் பிறந்தது. 'பின்' என்ற கட்டம் நிரம்பி வழிந்தது. 'முன்' என்ற கட்டம் காலி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு

சீச்சீ. மழைக்கும் மதிப்பீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

2.

எப்போதும் படிவமும் கையுமாக இருப்பதால் அவளை எல்லாரும் படிவக்கா என்பார்கள். பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றைக் கண்காணிக்கவும் மதிப்பிடவும் பதினேழு பக்கத்துக்குத் திட்டம் போட்டவள். யார் அளப்பது, எதை, எப்போது, எல்லாம் வண்ண வண்ணமாக. வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகளுக்கு எவ்வளவு படிக்கத் தெரியும் என்று ஒருமுறை அளக்க மட்டும் மறந்துபோனாள்.*

நாலு மாதம் ஓடிவிட்டது. நாளை மதிப்பீட்டாளர் வருகிறார். 'முன்' இல்லையென்றால் அவர் வகுப்பையே நிறுத்தச் சொல்லிவிடக்கூடும்.

(* அந்தப் பக்கத்துக்கு மஞ்சளா பச்சையா என்ற யோசனையிலேயே நாள் போய்விட்டது. சத்தியமாக!)

3.

"ஏதாவது ஒரு நம்பரைப் போடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் வாத்தியார்.

"எனக்குத் தெரியுமே!"

அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. "பசங்களா, நாலு மாசத்துக்கு முன்னாடி எப்படிப் படிச்சீங்களோ, அப்படியே இப்பப் படிச்சுக் காட்டுங்க!"

வகுப்பே குஷியாகிவிட்டது. ஒருத்தி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாள். ஒருவன் எழுத்தைப் பார்த்து "ஐயோ, பூச்சி!" என்று அலறினான். வாத்தியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. படிவக்கா கர்மசிரத்தையோடு மதிப்பெண் போட்டாள்: பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, பூஜ்யம்.

வாயாடி என்று பேர் வாங்கிய ஒரு சின்னப்பெண் மட்டும் திருதிருவென முழித்தாள்.

"முடியலக்கா. தெரியாத மாதிரிதான் பாக்குறேன். கண்ணு தானாப் படிச்சிடுது."

சொல்லிவிட்டு அழுதாள், பரீட்சையில் தோற்றுவிட்டோம் என்று. படிவக்கா பேனாவைப் போட்டுவிட்டு அவளை வாரி அணைத்துக்கொண்டாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

4.

முடிவு ஒன்று: மதிப்பீட்டாளர் மனமிரங்கி [நம்ப மாட்டீர்கள்.]

முடிவு இரண்டு: வகுப்பறைக்குப் பூட்டு [கை வரவில்லை, போங்கள்.]

நடந்தது இவ்வளவுதான். மதிப்பெண்களை அடித்துவிட்டு, 'முன்' கட்டத்தில் 'அளக்க மறந்துவிட்டேன்' என்று எழுதினாள். கீழே வாயாடி சொன்னதை அப்படியே எழுதினாள். தாள் இப்போது மதிப்பீட்டாளர் கையில், அதாவது உங்கள் கையில்.

நானும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன். தொடங்குமுன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. எங்கே, இதைப் படிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள், பார்ப்போம்!

சரி, எழுதுங்கள். தொடரலாமா, நிறுத்தலாமா? பார்த்து எழுதுங்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் வாயாடி நிற்கிறாள். எழுதினால் படித்துவிடுவாள்.