பறந்து போன கிளிப்

கணக்கு வாத்தியாருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு கிளிப். சுண்டுவிரல் நகம் அளவுதான். அவருடைய பழைய காரின் ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கார்புரேட்டரோடு பிடித்து வைக்கிற அது இல்லாவிட்டால், மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்தாலும் எஞ்சினுக்குச் சேதி போகாது. போன வாரம் அதைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார் மனிதர். டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. செடி, சாக்கடை, தன் சட்டைப் பை எல்லாம் துழாவியாயிற்று.

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள இந்தக் கார் தானா உருண்டு கேட்டைத் தாண்டணும்," என்று மனைவி சொல்லியிருந்தாள். பல் டாக்டரிடம் இருபது வருஷம் உதவியாளராக இருந்தவள். யார் வாயையும் திறக்க வைப்பாள், மூடவும் வைப்பாள். "இல்லன்னா பழைய இரும்பு லாரி வரும். சொல்லி வச்சாச்சு."

இன்று ஞாயிறு. காலையிலிருந்து ஏழு கடை ஏறி இறங்கிவிட்டார். கடைசிக் கடைக்காரர், "சாம்பிள் இருக்கா?" என்றார்.

"சாம்பிள் இருந்தா நான் ஏங்க இங்க வர்றேன்?"

படம் வரைந்து காட்டினார். கடைக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் திரை மாட்டும் வளையம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பதினொன்றே முக்காலுக்கு வெறுங்கையோடு திரும்பினால், வாசலில் லாரி. இருபத்தாறு வருஷம் கூடவே இருந்த கார். வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் லாரியின் மேலே பார்த்தார். தகரக் குவியலுக்கு நடுவே, அவர் காரின் உடன்பிறப்பு! அதே மாடல், அதே வருஷம், பானெட் திறந்தபடி.

"இருக்கு! இருக்கு!"

"சார், விழுந்து வைக்காதீங்க!" என்று லாரிக்காரர் கத்துவதற்குள் ஏறிவிட்டார். கிளிப் அதே இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவினார்.

"அதைக் கீழ போடுங்க." மனைவியும் பின்னாலேயே ஏறியிருந்தாள். "நீங்க நெம்பினா இதுவும் பறந்துடும்."

இடது உள்ளங்கையைக் குவித்து மூடிக்கொண்டு, வலது கையால் ஏதோ செய்தாள். பால்பல் பிடுங்குவதுபோல, சத்தமே இல்லை. கிளிப் அவள் கையில் இருந்தது.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது எஞ்சின் இருமியது, செருமியது, பிறகு உறுமியது. கார் கேட்டைத் தாண்டியது. வாத்தியார் ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் தெருவை மூன்று சுற்று சுற்றினார். யாரைப் பார்த்தாலும் "ஓடுது! ஓடுது!" என்றார், என்னவோ அவர்களுக்குக் கண் தெரியாததுபோல.

திரும்பி வந்தால், லாரி இன்னும் கிளம்பவில்லை. லாரிக்காரர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மேலே அந்த இன்னொரு காரின் கதவுக்குள் மனைவி குனிந்திருந்தாள்.

"இறங்கு, ஒரு ரவுண்டு போலாம்!"

"வரேன், இருங்க. இந்தக் கதவுக் கைப்பிடியைக் கழட்டிக்கிறேன்," என்றாள் தலையைத் தூக்காமல். "நம்ம வண்டியில என் பக்கத்துக் கதவு ஆறு வருஷமா உள்ளேர்ந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, வெளிய கைவிட்டுத்தான் திறக்கிறேன். ஒரு நாளாவது பார்த்தீங்களா?"

வாத்தியார் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். ஓட்டமாக ஓடிப்போய் லாரியில் ஏறி, ஸ்க்ரூடிரைவரை அவள் கையிலேயே கொடுத்தார்.