அறுப்பின் பண்டிகையில் ஒரு சட்டை

வாழைத்தாரும் ஜெரூஷாவின் பிளம் கேக்கும் ஏலம் போன பிறகு, காணிக்கைக் கூடையிலிருந்து அடுத்ததாக என் கைக்கு வந்தது ஒரு சட்டை. வெளிர் நீலம். முதுகில் பூட்ஸ் தடம், காலரில் காய்ந்து கறுத்த ரத்தம். அனகாபுத்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலின் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பல வருடமாக நான்தான் விடுகிறேன். பேங்க் வேலையில் வாயே திறக்காத இந்த ஃபிரெடி அன்றைக்கு ஒருநாள் மட்டும் வாயாடி. "இந்த முட்டைக்குள்ள கோழி இருக்கு, கோழிக்குள்ள பிரியாணி இருக்கு" என்று கூவி ஒற்றை முட்டையை ஆயிரம் ரூபாய்க்குத் தள்ளிவிட்டவன். காணிக்கையாக வந்த எதையும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர் பெயரைச் சொல்லி, தூக்கிக் காட்டி, ஏலம் விட்டே ஆக வேண்டும். அது எங்கள் சபை வழக்கம்.

யாருடைய சட்டை என்று கேட்கவே தேவையில்லை. கவுன்சிலர் தேர்தலன்று எங்கள் சபைப் பையன் ஜாய்சன் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தான். செத்துப்போனவர்கள் பெயரில் ஓட்டுப் போட வந்த கும்பலைத் தடுத்தான். அங்கேயே அடித்தார்கள். போலீஸ் வந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் வலது கை முறிந்து வெளியே வந்தான். கழிவறையில் வழுக்கி விழுந்தானாம். ஸ்டேஷன் கழிவறைகள் எல்லாம் எப்படித்தான் ஆள் பார்த்து வழுக்குகின்றனவோ! இன்ஸ்பெக்டரே முதுகில் ஏறி நின்றார் என்று ஜாய்சன் எங்கள் எல்லோரிடமும் சொன்னான். நாங்களும் உச்சுக் கொட்டினோம்.

அதே இன்ஸ்பெக்டர்தான் இன்றைக்குச் சிறப்பு விருந்தினர். கிறிஸ்துமஸ் பவனிக்கு அனுமதி வேண்டுமே என்று செயலாளர் அசரியா சார் போய் அழைத்து வந்திருந்தார். பொன்னாடை போர்த்தியபோது சபையே கை தட்டியது.

"ஃபிரெடி, அத ஓரமா வச்சிட்டு அடுத்தத எடுப்பா" என்றார் அசரியா சார், மைக்கில் விழாத குரலில்.

பெண்கள் பக்கத்து முன்வரிசையிலிருந்து ஜாய்சனின் அம்மா ஞானசௌந்தரி எழுந்தார். "ஏன் தம்பி ஓரமா வைக்கணும்? நான் காணிக்கையா குடுத்தது. பேரச் சொல்லித் தூக்கிக் காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

தூக்கினேன். தடம் தெரிகிற பக்கத்தை ஜனங்களுக்குத் திருப்பினேன். "ஞானசௌந்தரி அக்கா குடுத்தது. ஜாய்சன் அன்னிக்குப் போட்டிருந்த சட்டை." அக்கா தலை நிமிர்ந்து இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார், நன்றாகப் பார் என்று எனக்கும் கத்த வேண்டும் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்ல காரியத்துக்குத்தான சார்? அஞ்சாயிரம்."

அப்போதுதான் அக்காவுக்கும் எனக்கும் புத்தியில் உறைத்தது. ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். சட்டையைப் பத்திரமாக வையுங்கள், நம்மிடம் இருக்கிற சாட்சியம் இது ஒன்றுதான் என்று ஜாய்சனின் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆத்திரத்தில் அக்கா அதைக் கூடையில் போட்டுவிட்டார். நானும் யோசிக்காமல் தூக்கிக் காட்டிவிட்டேன்.

"ஆறாயிரம்" என்றார் அக்கா.

"பத்து."

அக்கா கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நான் சபையைப் பார்த்தேன். ஒரு முட்டைக்கு அடித்துக்கொண்ட சபை. காரிலும் ஃப்ளாட்டிலும் குறைச்சல் இல்லாத சபை. சின்னப்பன் அண்ணன் செல்போனைக் குனிந்து பார்த்தார். ஜோசலின் டீச்சர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். வெட்கங்கெட்டவர்களே, ஒருவராவது வாயைத் திறந்தால் என்ன? ஏலம் விடுகிறவன் கேட்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி. இல்லாவிட்டால் என் ஸ்கூட்டரை விற்றாவது கேட்டிருப்பேன்.

"தம்பி, அத அவர் கையில குடுத்துடாதப்பா" என்றார் அக்கா.

"முடிச்சு விடு ஃபிரெடி" என்றார் அசரியா சார்.

"ஒரு தரம்" என்றேன். "ரெண்டு தரம்."

மூன்றாவது தரம் சொன்னால் சட்டை அவருடையது. இன்ஸ்பெக்டர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மேடைப் படியில் கால் வைத்து, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"ரெண்டு தரம்" என்றேன் மறுபடியும்.

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குத் தோள் கடுத்தது. சட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி சொன்னேன்:

"ரெண்டு தரம்."