இலை இருந்த பாறை

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் புரோட்டா ஆறிக்கொண்டிருந்தது. வர்ஷா கைப்பேசியையே வெறித்தாள். தெற்குக் கடலோரப் பாறையொன்றில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பதிந்த ஓர் இலை. பள்ளிச் சுற்றுலாவில் அதை முதலில் பார்த்தது அவள்தான். ஆனால் அங்கே மாணவர்களுக்காக அமையவிருந்த கல்விப்பாதைக்கென்று கைப்பேசிக்கு வந்திருந்த பலகை மாதிரியில், 'கண்டுபிடித்தவர்: லொரைன்' என்றிருந்தது.

"நீ சும்மா 'ஏய், இலை மாதிரி இருக்கு'ன்னு சொன்ன. ஃபோட்டோ எடுத்து, ரிப்போர்ட் எழுதினது நான்லா," என்றாள் எதிரே இருந்த லொரைன். "ஓவரா ஃபீல் பண்ணாத."

'இருடி, உனக்கு இருக்கு' என்று உள்ளுக்குள் கறுவினாள் வர்ஷா.

வேலி போட்டு முடிக்கும்வரை இடத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது ஆசிரியை மங்களம் மிஸ்ஸின் கட்டளை. கல்விப்பாதைக் குழுவில் இருந்த ஐந்தே மாணவர்களுக்குத்தான் அது தெரியும். அன்று மாலையே வர்ஷா போலிப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, லொரைன் எடுத்த படத்தையும் இடத்தின் வரைபடக் குறியையும் பதிவேற்றினாள். கூட்டம் மொய்க்கட்டும், அவளுடைய பாதை நாசமாகட்டும்!

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மொய்த்தது. யாரோ உளியும் கொண்டுவந்திருந்தார். திங்களன்று இலை இருந்த இடத்தில் கையகலக் குழிதான் மிச்சம். படம் லொரைனுடையது என்பதால் பழி அவள்மேல் விழுந்தது. மிஸ் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்.

வர்ஷா கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஆனால் சோறு இறங்கவில்லை. கைப்பேசி அதிரும்போதெல்லாம் போலீஸோ என்று பதறி எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தெம்பனிஸில், லொரைன் வீடிருந்த அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே போய் நின்று, அவளை இறங்கி வரச் சொன்னாள்.

"அந்த போஸ்ட் நான்தான் போட்டேன். பயமா இருக்குடி."

லொரைன் கத்தவில்லை.

"என் மேல கோவம்னா என்னை அறைஞ்சிருக்கலாம்லா. அந்த இலை உன்னை என்ன பண்ணுச்சு?"

"சாரிடி..."

"சாரிய நீயே வெச்சுக்க. மொதல்ல மிஸ்கிட்ட சொல்லு. அப்புறம், ஒவ்வொரு ஸ்கூல் பஸ் வர்றப்பவும் அந்தக் குழி பக்கத்துல நீதான் நிக்கணும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

வர்ஷா போய் உண்மையைச் சொன்னதும், மங்களம் மிஸ் அதையே தண்டனையாக்கினார். பாதை திறந்த நாளில், லொரைன் கைகட்டிப் பார்த்திருக்க, ஒரு சிறுமி குழிக்குள் விரலை விட்டாள்.

"இலை எங்கக்கா?"

வர்ஷா அவள் உயரத்துக்குக் குனிந்தாள். "ஒருத்தி மேல இருந்த கோவத்துல நான்தான் தொலைச்சேன்மா. அவளைப் பழி வாங்குறேன்னு நெனச்சு, உங்ககிட்டேருந்து பறிச்சுட்டேன். இந்த மாதிரி இடமெல்லாம் மொதல்ல பாத்தவங்களுக்குச் சொந்தமில்ல. இன்னும் பொறக்காத பிள்ளைங்களுக்கும் சேத்துதான் நாம காப்பாத்தணும்."

சிறுமி தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். வர்ஷா கண்ணைத் துடைத்தாள்.

"அடுத்த பஸ் வந்துருச்சு," என்றாள் லொரைன். "மறுபடியும் சொல்லு."